மல்லாட்டை ஆயுற மெஷின்

அத்தியாயம் 14

போன வாரம் ஜெயசுதாவை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம், நினைவிருக்கிறதா? கண்காட்சிப் பந்தலில், தன் கையால் செய்த மெஷினுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இந்த வாரம் வந்து பார்த்தாலும் அதே நாற்காலி, அதே கன்னம், அதே கை. நமக்குத்தான் ஒரு வாரம் ஓடிவிட்டது, அவளுக்கு ஒரு ராத்திரிதான்.

செஞ்சி வட்டார வேளாண் கண்காட்சியின் கடைசி நாள் விடிந்து, ஸ்பீக்கரும் அலற ஆரம்பித்துவிட்டது.

மறந்துபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெயசுதாவின் அப்பா துரைக்கண்ணு, திண்டிவனம் ரோட்டில் வெல்டிங் ஷெட் வைத்திருப்பவர். கலப்பை, டிரெய்லர், கேட்டு என்று இரும்பில் எதைக் கேட்டாலும் அடித்துக் கொடுத்த ஷெட் அது. மகன் நெடுமாறன் அப்பாவோடு முட்டிக்கொண்டு வெளியே போய், வெளியூர்க் கம்பெனி ஒன்றின் விவசாய மெஷின்களுக்கு ஏஜெண்டாகிவிட்டான். மகளோ கல்யாணமான பிறகும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று ஷெட்டிலேயே நின்றுவிட்டாள்.

"கண்காட்சி முடியறதுக்குள்ள ஒரே ஒரு மெஷினுக்கு ஆர்டர் வாங்கினு வா. ஷெட்டு உன்னுது. இல்லாங்காட்டி பைக் ஷோரூம்காரன் கேட்டுனே இருக்கறான், அவனுக்கு வுட்டுடுவேன்."

துரைக்கண்ணு வாக்குக் கொடுத்ததும் மிரட்டியதும் ஒரே மூச்சில்தான். நேற்று ராத்திரி பந்தலை மூடும்வரை ஆர்டர் எத்தனை என்றால், ஒன்றுகூட இல்லை.

இன்றைக்குச் சாயங்காலம் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

"யம்மா, இதுல நாலு கொல்லை மண்ணு இருக்குது. தனித்தனியா முடிஞ்சி வச்சிருக்கேன். ரிசல்ட்டு எப்ப வரும்?"

காலையில் முதல் போணியாக வந்து நின்ற பெரியவர் கேட்ட கேள்வி இது. அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். கையில் துணிப்பை, பைக்குள் நான்கு கொல்லைக்கு, அதாவது நான்கு நிலத்துக்கு, நான்கு பொட்டலம்.

"பெரிப்பா, மண்ணு பாக்கறது வேளாண் துறை ஸ்டால். அப்டிக்கா போங்க."

"அங்க ஒரே கூட்டமா இருக்குதும்மா. நீ சும்மாதான குந்தினு இருக்கற?"

ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது. சும்மாதானே குந்திக்கொண்டிருக்கிறாள்! பெரியவர் ஒரு பொட்டலத்தை மெஷின்மேல் வைத்துப் பார்த்தார், மெஷின் ஒன்றும் சொல்லவில்லை, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்று நாளாக இதே கதைதான். ஒருவர் மண் கொண்டு வந்தார். ஒரு அம்மா விதைக்கடலையைக் கொண்டுவந்து, "எண்ணெய் எவ்ளோ கட்டும்னு பாத்துச் சொல்லு" என்றாள். நேற்று ஒரு பையில் வாடின செடியை எடுத்து வந்தவர், "இதுக்கு இன்னா மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு ஜெயசுதா விழிப்பதைப் பார்த்து, "மேடம் புதுசு போல" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

மெஷினை வாங்க வேண்டிய ஆட்கள் மட்டும் ஸ்டாலைத் தாண்டி, ஒரு மரியாதையோடு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஏன் ஒதுங்கினார்கள் என்று உங்களுக்கு நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாவம், அவளுக்குத் தெரிய மத்தியானம் ஆகும்.

செஞ்சிப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேரில் தொங்குகிற காயை ஒவ்வொன்றாகக் கையால் பறித்தெடுப்பதுதான் மல்லாட்டை ஆயுறது. கீரை ஆய்கிற மாதிரி. ஜெயசுதா செய்திருந்தது அந்த ஆயுற வேலையைச் செய்கிற மெஷின். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, கையைச் சுட்டுக்கொண்டு செய்தது.

போர்டு எழுதும் வேலையைக் கணவன் பிரசாந்திடம் விட்டாள். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிற பிரசாந்துக்கு ஒரு பெருமை உண்டு. பத்தாவதில் தமிழில் அவன்தான் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்.

"அதிகாரிங்கல்லாம் வருவாங்க சுதா. மல்லாட்டை, ஆயுறதுன்னு கொச்சையா போட்டா நல்லா இருக்காது. நல்ல தமிழ்ல போடணும்" என்றான். மல்லாட்டைக்கு நிலக்கடலை. அது சுலபம். ஆயுறதுக்கு?

"முடியறது முடிவு. தெளியறது தெளிவு. அப்ப ஆயறது?"

"ஆய்வு!" என்று ஜெயசுதாவே சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பூரித்துப் போனார்கள்.

ஆக, ஸ்டாலின் நெற்றியில் பத்தடி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் தொங்கியது: 'நிலக்கடலை ஆய்வு இயந்திரம்.' பார்க்கிறவர்களெல்லாம், ஏதோ கவர்மெண்ட் லேப் வந்திருக்கிறது, நமக்கென்ன வம்பு என்று போய்க்கொண்டிருந்தார்கள்.

எதிர் ஸ்டாலில் அப்படி இல்லை. ஆரஞ்சுக் குடை, ஆரஞ்சுத் தொப்பி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இலவச மோர். நடுவில் டிராக்டர் பூட்டி மல்லாட்டை ஆய்கிற பெரிய மெஷின். அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சு டீ ஷர்ட்டில் மைக்கும் கையுமாக நின்றது வேறு யாருமில்லை, அண்ணன் நெடுமாறன்தான்.

பதினோரு மணிக்கு அவன் மைக்கை வைத்துவிட்டு, இரண்டு கிளாஸ் டீயோடு இந்தப் பக்கம் வந்தான். மூன்று நாளில் முதல் தடவை.

"சாப்டியா?"

"ஆச்சு."

டீயை மெஷின்மேல் வைத்தான். டிரம்மில் வரிசையாகக் கட்டியிருந்த கம்பி வளையங்களை விரலால் தடவிப் பார்த்தான். வெல்டிங் தெரிந்தவன் கை சும்மா இருக்காதல்லவா. ஒன்றும் குறை சொல்ல அகப்படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"சுதா, சொன்னா கேளு. மத்தியானத்தோட கட்டினு கெளம்பு. சாயங்காலம் வரைக்கும் இருந்து மனச நோவடிச்சிக்காத."

"ஏன், நான் இங்க இருக்கறது உனுக்கு டென்ஷனா இருக்குதா?"

"எனுக்கு இன்னா டென்ஷன்? உனுக்காகத்தான் சொல்றேன்."

"எனுக்காகவா? ஷெட்ட வுட்டுட்டுப் போனியே, அதுவும் எனுக்காகத்தானா?"

நெடுமாறன் வாயைத் திறந்தான், என்னவோ சொல்ல வந்தான், சொல்லவில்லை. டீயைக் குடிக்காமலே திரும்பிப் போனான். ஜெயசுதா இரண்டு கிளாஸையும் ஓரமாகத் தள்ளிவைத்தாள். எதிரில் நிற்கிறவன் வேறு கம்பெனிக்காரனாக இருந்தால் இவ்வளவு வலிக்காது. சின்ன வயதில் அவன்தான் அவள் கையைப் பிடித்து முதல் முதலாக வெல்டிங் ராடு ஓட்டக் கற்றுக் கொடுத்தவன்.

மத்தியானம் பிரசாந்த் சோறு கொண்டு வந்தான். அவள் டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

"ஏன் மாமா எல்லாரும் நம்மகிட்ட மண்ணத் தூக்கினு வராங்க?"

"பக்கத்துலதான வேளாண் துறை ஸ்டால் இருக்குது. தடம் மாறி வராங்க. நீ சாப்புடு."

"எனுக்கு வேணாம். சாயங்காலம் நைனா மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னு தெரியல."

பிரசாந்த் தட்டை எடுத்து வைத்த நேரம், பந்தலுக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது. பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள். அவலூர்பேட்டைப் பக்கம். கண்காட்சியில் மரக்கன்று சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்தவர்கள். முன்னால் நடந்தவள் பெயர் காத்தாயி. கொல்லை வேலைக்கு ஆள் கட்டிக் கூட்டிப் போகிற மேஸ்திரி அவள்தான். குரல் அவள் வருவதற்கு முன்னால் வந்தது.

"ஏய் மணிமொழி, இது இன்னா கடை? இன்னா எழுதிருக்குது, படி."

கூட்டத்தில் இளையவளான மணிமொழி அண்ணாந்து பார்த்துப் படித்தாள். "நிலக்கடலை ஆய்வு இயந்திரம்க்கா."

"அப்டின்னா?"

"மல்லாட்டைக்கு டெஸ்ட் எடுக்கறதாட்டம் இருக்குது."

"டெஸ்ட்டா? மல்லாட்டைக்கு இன்னாமே நோவு? சக்கரையா, பிரஷரா?"

அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். "ஊசி போட்டு ரத்தம் எடுப்பாங்களாக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் சிரிப்பு.

ஜெயசுதா சிரிக்கவில்லை. அவளுக்கு உச்சியில் யாரோ குட்டு வைத்த மாதிரி இருந்தது. மண் பொட்டலம், விதைக்கடலை, வாடின செடி, 'மேடம் புதுசு போல' எல்லாம் சடசடவென்று ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தன. ஐயோ, ஐயோ! மூன்று நாளாக நெற்றியில் ஆஸ்பத்திரி போர்டை மாட்டிக்கொண்டு வியாபாரத்துக்கு உட்கார்ந்திருந்தாளா?

"அக்கா! நில்லுக்கா!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். "டெஸ்ட் இல்லக்கா! இது மல்லாட்டை ஆயுற மெஷினு!"

காத்தாயி நின்றாள். "இன்னாது?"

"ஆயுற மெஷினு. செடியிலேருந்து காய ஆயும்."

"அத அப்டியே எழுதறதுக்கு இன்னாமே? இத எழுதன புண்ணியவான் யாரு?"

புண்ணியவான் டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "முடியறது முடிவுன்னா..." என்று ஆரம்பித்தான். ஜெயசுதா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

மெஷினுக்கு டச்சப் செய்யக் கொண்டு வந்த ரெட் ஆக்சைடு பெயிண்ட் டப்பா ஓரத்தில் இருந்தது. ஜெயசுதா பிரஷ்ஷை முக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினாள். நிலக்கடலையின்மேல் ஒரு கோடு. ஆய்வின்மேல் ஒரு கோடு. இயந்திரத்தின்மேல், இருக்கட்டும் என்று அதன்மேலும் ஒரு கோடு. அதற்குக் கீழே தன் கையெழுத்தில், சாயம் வழிய வழிய எழுதினாள்: மல்லாட்டை ஆயுற மெஷின்.

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இறங்குவதற்குள் வேலையைப் பார்த்துக்கொண்டு போன நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

"ஆயுற மெஷினா? நேத்தே பாத்தேன்பா. கவர்மெண்ட் ஆபீசுன்னு நெனச்சினு போயிட்டேன்."

"ஓடுமா?"

"ஓட்டிக் காட்டச் சொல்லு."

நாலு பேர் பத்துப் பேரானார்கள். பத்துப் பேர் வழியை அடைத்துக்கொண்டு நின்றதும், என்னவோ ஏதோ என்று இருபது பேர் வந்தார்கள். ஜெயசுதா பரபரவென்று மூலையில் கிடந்த மல்லாட்டைச் செடியை அள்ளினாள். காத்தாயி கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"இது எப்ப புடுங்கனது?"

"மொத நாளுக்கு முந்தின நாளுக்கா."

"காஞ்சி போன செடியில ஊதனாலே காய் கொட்டும். இதுல ஓட்டிக் காட்டி யாரை ஏமாத்தற? பச்சைச் செடி கொண்டா, பாக்கறேன்."

நியாயமான பேச்சு. ஆனால் இந்த நேரத்தில் பச்சைச் செடிக்கு எங்கே போவது? ஜெயசுதா சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணெதிரே இருந்தது. ஆரஞ்சுக் குடைக்குக் கீழே, டிரெய்லர் நிறைய, வேர் மண் ஈரம் காயாமல், பச்சைப் பசேலென்று.

போவதா? அவனிடமா? காலையில்தான் மூஞ்சியில் அடித்தாற்போலப் பேசி அனுப்பியிருக்கிறாள்.

கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயசுதா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர் வரிசைக்கு நடந்தாள்.

"அண்ணா, ரெண்டு கட்டு செடி குடு."

நெடுமாறன் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற ஏரியா மேனேஜர் அன்புச்செல்வன் முந்திக்கொண்டார். "என்ன நெடுமாறன் இது? காம்பெடிஷன் ஸ்டாலுக்கு நம்ம செடியைக் கொடுப்பாங்களா? கம்பெனி டெமோவுக்குக் கொண்டுவந்தது."

நெடுமாறன் மேனேஜரைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் கை முழுக்க ரெட் ஆக்சைடு. அப்புறம் டிரெய்லரில் தாவி ஏறினான்.

"சார், மெஷினு கம்பெனியோடது. செடி எங்க மாமியார் வூட்டுக் கொல்லையில நான் புடுங்கனது."

இரண்டு கட்டு கேட்டவளுக்கு நாலு கட்டு வந்து காலடியில் விழுந்தது. ஜெயசுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ள இது நேரமா? கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சின்ன பெட்ரோல் இன்ஜின். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. டிரம் சுற்ற ஆரம்பித்ததும், கம்பி வளையங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து ஒரே மினுமினுப்பானது. ஜெயசுதா ஒரு கைப்பிடிச் செடியை இலைப் பக்கம் இறுக்கிப் பிடித்து, வேர்ப் பக்கத்தை டிரம்மின்மேல் காட்டினாள்.

சடசடசடவென்று தகரத் தட்டில் மல்லாட்டை கொட்டியது. ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம்.

செடியைத் திருப்பி இன்னொரு காட்டு. அவ்வளவுதான். வேர் மொட்டையாக வந்தது.

கூட்டம் "ஆங்!" என்றது. காத்தாயி மட்டும் ஆங் சொல்லவில்லை. அந்த வேரைக் கையில் வாங்கி விரலை விட்டுத் துழாவினாள், காய் தங்கியிருக்கிறதா என்று. தட்டிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள், காயின் மேல்தோடு உடைந்திருக்கிறதா என்று. கடைசியில் காய் போக மிஞ்சிய இலையும் தண்டுமான கொடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கொடி அப்டியே இருக்குதே?"

"இருக்கும்க்கா. மாட்டுத் தீனிக்கு ஆவணும்ல. அதுக்குத்தான் ரெண்டு வருசம் ஆச்சு. கம்பி கனமா வச்சா கொடி பிய்யுது, மெலிசா வச்சா காய் நிக்குது."

"வர்றப்ப பாத்தமே, எதிர் ஸ்டாலு மெஷினு, அது கொடியத் தூள் தூளாக்கிடுச்சே" என்றாள் மணிமொழி.

"நவுரு, நான் ஓட்றேன்" என்று காத்தாயி ஜெயசுதாவை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். செடியை வாங்கினாள். ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்றாவது பிடிக்குக் கை பழகிவிட்டது. எதிர்ப் பக்கத்தில் மணிமொழியை நிற்கவைத்தாள். இருவருமாக ஒரு கட்டை ஓட்டி முடித்துவிட்டு, காத்தாயி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று பார்த்தால், முகம் இறுகியிருந்தது.

"இன்ஜின நிறுத்து."

நிறுத்தினாள்.

"நல்லா செஞ்சிருக்கற. பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு கேக்கறேன், நெஞ்சத் தொட்டுச் சொல்லு. இந்த மெஷின ஒரு பண்ணக்காரன் வாங்கிட்டான்னு வை. அப்பறம் மல்லாட்டை ஆயுறதுக்கு எங்கள கூப்புடுவானா?"

வாங்கலாம் என்று நின்றிருந்த கொல்லைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசாந்த், 'ஏதாவது சமாளித்துப் பேசேன்' என்று கண்ணாலேயே கெஞ்சினான். ஒரு ஆர்டர் போதும். ஒரே ஒரு ஆர்டர். இதோ கைக்கெட்டும் தூரத்தில் நாலைந்து பேர் நிற்கிறார்கள்.

ஜெயசுதாவுக்குப் பொய் வரவில்லை.

"கூப்புட மாட்டான்க்கா."

"அப்ப எங்க வயித்துல அடிக்கறதுக்குத்தான் ரெண்டு வருசம் கஷ்டப்பட்டியா?"

இந்த இரண்டு வருஷத்தில் ஜெயசுதா கம்பியைப் பற்றி யோசித்தாள், வேகத்தைப் பற்றி யோசித்தாள், கொடியைப் பற்றி, மாட்டைப் பற்றிக்கூட யோசித்தாள். இதை யோசிக்கவே இல்லை. முகம் சிவந்துபோனது. காத்தாயியின் கையைப் பார்த்தாள். இன்னும் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கை. மூன்று பிடியில் பழகிய கை.

"அக்கா, பண்ணக்காரன் எதுக்கு வாங்கணும்? நீங்க வாங்குங்க."

"இன்னாது?"

"நீங்க எல்லாரும் சேந்து வாங்குங்க. மெஷினு உங்களுது. ரெண்டு பேரு தூக்கி ஆட்டோல வச்சிடலாம், டிராக்டர் வேணாம். எந்தக் கொல்லையில கூப்புட்றாங்களோ அங்க கொண்டு போங்க. எப்பவும் வாங்கற கூலிய நீங்களே பேசுங்க."

காத்தாயி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். மணிமொழிதான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நம்ம மகளிர் குழுவுக்குக் கடன் பாசாயி கெடக்குதில்ல?"

"அது மாடு வாங்கறதுக்கு."

"மாடுதான் வாங்கணும்னு யாரு சொன்னா? இன்னா வாங்கறதுன்னு தெரியாம மாடுன்னு சொன்னோம். ஊர்ல எல்லாக் குழுவும் மாடு வாங்கிடுச்சு. இனி அத மேய்க்கறதுக்கு ஒரு குழு வேணும்."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை ஜெயசுதாவும் சிரித்தாள். காத்தாயி சிரிக்காமல், கூட்டத்தில் நின்ற ஒரு கொல்லைக்காரரை விரல் நீட்டிக் கூப்பிட்டாள். தங்கராசு. அவலூர்பேட்டைக்காரர். வருஷா வருஷம் அவர் கொல்லையில் மல்லாட்டை ஆய்வது காத்தாயியின் ஆட்கள்தான். கூலியைக் காசாக இல்லாமல், ஆய்ந்த காயிலேயே மரக்கால் கணக்கில் அளந்து கொடுப்பார்.

"தங்கராசண்ணே, இப்டி வா. அடுத்த வாரம் உன் கொல்லையில புடுங்கறோம். மெஷினோட வந்தா கூலி எப்டி?"

தங்கராசு தொண்டையைச் செருமினார். "மெஷினு வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே. மரக்காலக் கொறச்சிக்கணும்."

"ஏன் கொறைக்கணும்? எப்பவும் எத்தினி மரக்காலுக்கு ஒரு மரக்கா எங்களுக்கு அளப்பியோ, அத்த அளந்துடு. போன வருசம் ஆள் பத்தாம, ஆஞ்சி முடிக்கறதுக்குள்ள மழ புடிச்சி, பாதி மல்லாட்டை கொல்லையிலேயே மொளைச்சிப் போச்சே, அப்ப மரக்காலக் கொறச்சதாரு? மழையா?"

சுற்றி நின்றவர்கள் தங்கராசுவைப் பார்த்துச் சிரிக்க, அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "சரி சரி, பழைய மரக்காலே. ஆனா மொதல்ல என் கொல்லைக்குத்தான் வரணும்."

"ஏன், என் கொல்லை இன்னா பாவம் செஞ்சிது?" என்றார் இன்னொருவர்.

"எனுக்கு வெள்ளிக்கெழம வேணும்."

"காத்தாயி, என்னையும் சேத்துக்கோ!"

மெஷின் இன்னும் ஜெயசுதாவுடையதுதான், ஆனால் அதற்கு ஏலம் எடுப்பதுபோல எல்லோரும் காத்தாயியிடம் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். காத்தாயி பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்து உதறினாள்.

"இதாட்டம் ஒண்ணு எங்களுக்குச் செஞ்சி குடு" என்றாள் ஜெயசுதாவிடம். கையை நீட்டினாள். ஜெயசுதா தன் ரெட் ஆக்சைடு கையை அவள் கையில் ஓங்கி அடித்தாள். இரண்டு கையும் சிவந்தன.

அதற்கப்புறம் நடந்ததை நிதானமாகச் சொல்ல எனக்கே பொறுமை இல்லை. மணிமொழி செல்போனில் வீடியோ எடுத்துத் தன் குழு, அக்கா குழு, நாத்தனார் குழு என்று எல்லாவற்றுக்கும் அனுப்பினாள். நாலு மணிக்குள் மூன்று ஊர்களிலிருந்து ஆட்டோ பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் காத்தாயியிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். காத்தாயி பல வருஷம் மெஷின் விற்றவள்போல, "கொடியப் பாரு, கொடிய மட்டும் பாரு" என்றாள். பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தபோது ஜெயசுதாவின் கையில் ஆறு மெஷினுக்கு ஆர்டர்.

ஆறு! ஒன்று கேட்டவருக்கு ஆறு! சந்தோஷத்தில் ஜெயசுதாவுக்கு எதை முதலில் செய்வது என்றே தெரியவில்லை. டிபன் கேரியரைத் திறந்து ஆறிப்போன சாம்பார் சாதத்தை நின்றுகொண்டே ஸ்பூனால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பிரசாந்த் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினான்.

"மாமா, இனிமே போர்டு நான்தான் எழுதுவேன்."

"ஆவட்டும் தாயே."

சாமான் ஏற்ற டிரைவர் இளவழகனின் லோடு ஆட்டோ வந்து நின்றது. மெஷினைத் தூக்கக் கை கொடுக்க ஆள் தேடினால், ஒரு பக்கத்தை ஏற்கனவே ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். நெடுமாறன். தலையில் ஆரஞ்சுத் தொப்பியைக் காணோம்.

தூக்கி ஏற்றினார்கள். அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். கட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"ஆறு மெஷின நீ ஒருத்தியாவா செய்வ?"

"ஏன், ஆள் கெடைக்காதா?"

"நல்ல ஆளா கெடைக்கணும்ல."

"அப்ப நாளைக்கு ஒம்பது மணிக்கு ஷெட்டுக்கு வந்துடு. லேட்டா வந்தா அரை நாள்தான்."

நெடுமாறன் சிரித்தான். ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை. கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சுதா, ஒண்ணு சொல்லணும். காலையிலேயே சொல்ல வந்தேன், வாய் வரல. நேத்து சாயங்காலமே நைனா ஷெட்டு சாவிய ஷோரூம்காரன்கிட்ட குடுத்துட்டாரு. அந்தப் பக்கம் போறப்ப நானே பாத்தேன். உள்ள நாலஞ்சி பைக்கு எறக்கிட்டாங்க. நீ சாயங்காலம் வரைக்கும் இருந்து நின்னு, அப்பறம் இத கேட்டு ஒடஞ்சி போயிடுவியேன்னுதான் மத்தியானமே கெளம்பச் சொன்னேன்."

ஜெயசுதா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் முன்னாலேயா? கண்காட்சி முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லையா? நைனாவுக்கு அவள்மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா? காலையில் கேட்டிருந்தால் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

ஆனால் இது சாயங்காலம்.

"சாவி குடுத்தாரு, சரி. எனுக்கு வாக்கு குடுத்தாரே, அது எப்ப?"

"போன மாசம்."

"அப்ப எது மொதல்ல? வாக்கா, சாவியா?"

நெடுமாறன் முடிச்சை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தான். இந்த ஜெயசுதாவை அவன் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"வண்டிய எங்க வுடணும்?" என்றான் இளவழகன்.

"ஷெட்டுக்கு."

"ந்தா பாரு, இரு இரு!" என்று பின்னாலிருந்து காத்தாயியின் குரல். கையில் மரக்கன்றோடு அவலூர்பேட்டைக் கூட்டம் முழுக்க வந்துகொண்டிருந்தது. "எங்க மெஷினு எந்த எடத்துல செய்யப் போறீங்கன்னு நாங்க பாக்க வேணாமா? பஸ்ஸு கெடக்குது, அடுத்த பஸ்ஸுக்குப் போயிக்கறோம். ஏறுங்கமே!"

இளவழகன் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஏறிவிட்டார்கள். மெஷினைச் சுற்றி நின்றவர்கள் பாதி, விளிம்பில் தொற்றியவர்கள் பாதி. மணிமொழி மெஷினின் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்களிலும் மற்ற ஊர்க் குழுக்கள் ஏறிக்கொண்டன. நெடுமாறனும் பிரசாந்தும் பைக்கில். ஜெயசுதா முன் சீட்டில்.

வண்டி பந்தலை விட்டு ரோட்டில் ஏறியபோது அவள் செல்போன் அடித்தது. நைனா.

"இன்னா ஆச்சு?" என்றார் துரைக்கண்ணு. குரலில் ஒரு தயக்கம். தோற்ற பெண்ணுக்கு ஆறுதல் சொல்லத் தயாராக வைத்திருந்த குரல்.

"நைனா, கஸ்டமருங்க ஷெட்ட பாக்கணும்னாங்க. கூப்புட்டுனு வந்துனே இருக்கேன்."

"கஸ்டமரா?" ஒரு இருமல். "எத்தினி பேரு?"

ஜெயசுதா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"வண்டி நெறைய, நைனா. பின்னாடியும் வராங்க."

அந்தப் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சுதா..."

"சொல்லு நைனா."

"வண்டிய கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு."

"ஏன்?"

"ஒருத்தன்கிட்ட போயி ஒரு பொருள திருப்பி வாங்கினு வரணும்." சட்டையைத் தேடுகிற சத்தம், செருப்புச் சத்தம், போன் அறுந்தது.

ஜெயசுதா போனை மடியில் வைத்தாள். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நைனாவை ஓட விட்டுப் பார்க்க வேண்டும்போலவும் இருந்தது, அவர் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுவதை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. வண்டி கூட்ரோடில் வந்து நின்றது. நேராகப் போனால் ஷெட்டு ஐந்தே நிமிஷம்.

"நேராத்தானக்கா?" என்றான் இளவழகன்.

"வேணாம். பஜார் வழியா சுத்தினு போ. ஹாரன் அடிச்சினே போ, எல்லாரும் பாக்கட்டும்."